தன்னுண்ணல்

நரிக்குடிக்கு அணித்தான திருச்சுழியிலே 1879-ஆம் ஆண்டு பிறந்து திருவண்ணாமலையில் வாழ்ந்த ரமண மகரிஷியின் இடக்கையில் எழுந்த சார்கோமா என்னும் புற்று, 1949-ஆம் ஆண்டில் நான்கு முறை அறுக்கப்பட்டும், ரேடியம் வைக்கப்பெற்றும், மீண்டும் மீண்டும் தலையெடுத்து, 1950 ஏப்ரல் 14-ஆம் நாள் அவரது தேகத்தை வீழ்த்திற்று. சிகிச்சைக்குப் பின்னும் புற்று திரும்புவதற்குக் காரணங்கள் பல. மகரிஷியின் நோயில் எது நின்றது என இன்று எவரும் சொல்லுதற்கில்லை. ஆயினும், அக்காரணங்களுள் ஒன்றாக இக்காலத்தார் ஆராயும் ‘ஆட்டோபேஜி’ என்னும் சொல்லின் சரித்திரம் நம் கவனத்துக்கு உரியது.

கிரேக்கத்தில் ‘ஆட்டோ’ தன்னையும், ‘பேகைன்’ உண்ணுதலையும் குறிக்கும். 1859-இல் ஆன்செல்மியே என்னும் பிரெஞ்சுக்காரர் பட்டினி கிடக்கும் பிராணிகளைப் பற்றி எழுதுங்கால் இச்சொல்லை ஆண்டார்; பசித்த உடல் தன்னையே ஆகாரமாகக் கொள்வது என்பது அதன் பழம்பொருள். லைசோசோம் என்னும் செரிமானப் பைக்கு 1955-இல் பெயரிட்ட பெல்ஜிய விஞ்ஞானி கிறிஸ்டியான் டி டூவ், 1963-இல் லண்டனில் கூடிய அறிஞரவையில், ஓர் உயிரணுவுக்குள்ளே நிகழும் காரியத்துக்கு அச்சொல்லைச் சூட்டினார். பழுதுற்ற உறுப்புகளையும் புரதங்களையும் இரட்டைச் சவ்வினால் பொதிந்து, லைசோசோமோடு சேர்த்துக் கரைத்து, கரைந்து வந்த அமினோ அமிலங்களை உயிரணு மறுபடியும் தன் போஷணைக்குக் கொள்வதே அக்காரியம். மழை பொய்த்த ஆண்டில் வற்றிய கண்மாயின் வண்டலை வெட்டி அள்ளி வயலுக்கு எருவாக இடும் நரிக்குடி வட்டாரத்துக் குடியானவரின் செய்கை இதற்கு மிக அணுக்கமானது. ஜப்பானியராகிய யோஷினோரி ஓசுமி, ஈஸ்ட்டைப் பட்டினி போட்டே இதற்குரிய மரபணுக்களைக் கண்டு, 2016-இல் நோபல் பரிசு பெற்றார்.

பெயரை மட்டும் கேட்பவர் இதனைத் தற்கொலை என்று மயங்கக்கூடும். உயிரணு தானே மடியும் நிகழ்ச்சிக்கோ 1972-இல் ‘அப்போப்டோசிஸ்’ என்னும் வேறு பெயர் வந்துவிட்டது. இஃது அதற்கு நேர்மாறாக, பெரும்பாலும் பிழைத்திருக்கச் செய்யும் உபாயம். ஆகவே ‘தன்னழிவு’ என்னாது ‘தன்னுண்ணல்’ என்றே வழங்குதல் தகும்; தமிழில் உண்ணுதல் உயிர் வளர்த்தற்கு அன்றோ!

இந்த உபாயம் ஆரோக்கியமான உயிரணுவைப் புற்றாகாமல் காக்கிறது. தன்னுண்ணலுக்கு வேண்டிய பெக்லின் என்னும் மரபணு மார்பகப் புற்றுகள் பலவற்றில் குன்றியிருத்தலை 1999-இல் பெத் லெவின் குழுவினர் வெளியிட்டனர். ஆனால் கட்டி முற்றி, அதன் நடுப்பகுதிக்கு இரத்தமும் பிராணவாயுவும் எட்டாதபோதும், மருந்தும் கதிரும் உயிரணுவுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்டிரியாவைச் சிதைக்கும்போதும், புற்றணு அதே காவலைத் தனக்கு ஆக்கிக்கொள்கிறது: சேதமுற்ற பகுதியைத் தின்று, நச்சை அகற்றி, மடிய வேண்டிய வேளையைக் கடந்து, சிகிச்சை ஓய்ந்தபின் மறுபடி பெருகத் தொடங்குகிறது. மலேரியாவுக்கு நாம் நெடுங்காலம் அறிந்த குளோரோகுயின், லைசோசோமின் அமிலத்தன்மையைக் குறைத்து இந்தச் செரிமானத்தைத் தடுப்பதனால், அதன் இனமாகிய ஹைட்ராக்சிகுளோரோகுயினைப் புற்றுமருந்துகளோடு கூட்டிக் கணையப் புற்றிலும் மூளைப் புற்றிலும் பரீட்சித்து வருகின்றனர். தன்னுண்ணல் நல்ல உயிரணுக்களுக்கும் இன்றியமையாதது ஆகையால், எந்நோயாளிக்கு, எக்கட்டத்தில், எவ்வளவு தடுப்பது என்பதே அவர்கள்முன் நிற்கும் கடினமான வேலை.