அருவி வழியே ஒரு வரலாறு

அருவியாடச் செல்வோர் எண்ணெயும் துண்டும் மறவாது எடுத்துச் செல்வர். வரலாற்றையும் உடன் கொண்டு செல்வோர் சிலரே. நான் தலைமையாசிரியனாக இருந்த நாளில், சாரற்பருவம் வந்ததும் மாணவரை அழைத்துக்கொண்டு நெல்லையிலிருந்து பேருந்தில் புறப்படுவேன். சேரன்மாதேவி, பாபநாசம், கடையம், தென்காசி வழியாகக் குற்றாலம் சேர்வது எங்கள் வழக்கம்.

பொதிய மலையிற் பிறந்த பொருநை சமவெளியை எட்டும் இடம் பாபநாசம். அங்கு விழும் நீரை மக்கள் ஆடுவதற்கு மட்டும் பயன்படுத்தவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நீரின் விசையால் நூற்பாலை ஓடியது. 1944இல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. உயரத்திலிருந்து விழும் நீரின் வேகம் சக்கரத்தைச் சுழற்றுகிறது. சக்கரம் மின்னாக்கியைச் சுழற்றுகிறது. இதனை மாணவர் கண்ணாரக் கண்டு அறிவர்.

அடுத்து, கலியாண தீர்த்தத்தைச் சுட்டி வ. வே. சு. ஐயரின் முடிவை உரைப்பேன். 1881இல் திருச்சி வரகனேரியிற் பிறந்தவர் அவர். இலண்டனிற் சட்டம் பயின்றபோது புரட்சியாளரோடு சேர்ந்தார். 1910 முதல் பத்தாண்டுக் காலம் புதுச்சேரியில் வாழ்ந்தார். குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார், கம்பனை ஆராய்ந்தார். பின்னர்ச் சேரன்மாதேவியிற் குருகுலம் நிறுவினார். 1925 ஜூன் திங்களில் மாணவருடன் இவ்வருவிக்கு வந்தார். நீரோட்டத்தைத் தாண்ட முயன்ற மகள் சுபத்திரையை வெள்ளம் இழுத்தது. காக்கப் பாய்ந்த தந்தையும் மீளவில்லை.

இவ்வளவே சொல்லிப் பல்லாண்டு நிறுத்திவந்தேன். கேட்ட பிள்ளைகள் கண் கலங்குவர். எனக்கும் நிறைவாக இருக்கும். ஓராண்டு, பின்வரிசையில் நின்ற மாணவன் ஒருவன் மெல்லக் கேட்டான்: “ஐயா, குருகுலத்தில் தனிப்பந்தி வைத்தவரும் இவர்தாமே?”

நான் வாயடைத்து நின்றேன். அவன் பொய் சொல்லவில்லை. அக்குருகுலத்திற் சில பிராமண மாணவருக்குத் தனியே உணவு படைக்கப்பட்டது. பொதுப்பணம் பெற்ற நிலையத்தில் இவ்வேற்றுமை கூடாது என்று பெரியார் ஈ. வெ. இராமசாமியும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்தனர். தமிழகக் காங்கிரசையே அவ்வழக்குக் கலக்கியது. இதனை நான் அறியாதவன் அல்லன். கதையின் உருக்கம் குறையுமே என்று மறைத்தேன், அதுவே உண்மை.

பேருந்து கடையத்தை நெருங்கியபோது எழுந்து நின்று பேசினேன். புதுவையில் ஐயருக்கு நண்பராக இருந்த பாரதியார், 1918இன் இறுதி முதல் 1920 வரை வாழ்ந்த ஊர் அது. “ஐயர் மகளுக்காக உயிர் கொடுத்ததும் மெய்; அவர் நடத்திய பள்ளியிற் பந்தி பிரிந்ததும் மெய். முன்னதைச் சொல்லிப் பின்னதை அழிக்க வேண்டா. பின்னதைச் சொல்லி முன்னதையும் அழிக்க வேண்டா. இத்தனை நாள் பாதி சொன்னது என் பிழை” என்றேன். கேட்ட மாணவன் ஒன்றும் சொல்லவில்லை. சன்னலோரம் எனக்கு இடம் விட்டான்.

மாலையிற் குற்றாலம் அடைந்தோம். சம்பந்தர் பாடிய தலம் அது. ஐந்து சபைகளுள் ஒன்றான சித்திர சபையில் ஆடவல்லான் ஓவியமாகவே விளங்குகிறான். குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயருக்கு மதுரை நாயக்க மன்னர் அளித்த நிலம் குறவஞ்சி மேடு எனப் பெயர் பெற்றது. இவற்றையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளைகள் பேரருவியின் கீழ்த் தோளோடு தோள் நெருங்கி நின்றுவிட்டனர். நானும் சென்று நின்றேன்.

நண்பர்களே, அருவிக்குச் செல்லுங்கள். வெள்ளம் பெருகுகிறது என்று காவலர் ஊதல் ஊதினால் உடனே கரையேறுங்கள். வரலாற்றைக் கேட்கும்போதோ, மறுபாதி எங்கே என்று தயங்காது கேளுங்கள். அன்று அம்மாணவன் கேட்டிராவிடில், நான் இன்றும் பாதியையே சொல்லிக்கொண்டிருப்பேன்.