அடைபட்ட வாயில்

ஒரு வாயிலின் வழியே மக்கள் செல்லாதவாறு தடுப்பதற்கு அதன் கதவை உடைக்கவேண்டியதில்லை. உள்ளே வரும் நோக்கமே இல்லாத சிலர் வரிசையை நிரப்பி நின்றாற் போதும். 1996ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் நியூயோர்க் நகரிலே நிகழ்ந்தது இத்தகையதே. அங்கே பொதுமக்களுக்கு இணையத் தொடர்பு வழங்கிவந்த பானிக்ஸ் என்னும் நிறுவனத்தின் கணினிகள், அம்மாதம் 6ஆம் திகதி தொடக்கம், தம்மை நாடிவந்த வாடிக்கையாளருக்கு மறுமொழி கூற இயலாது முடங்கின. இவ்வகைத் தாக்குதலாற் பொருள் களவு போவதில்லை, ஏடுகள் அழிவதுமில்லை, ஆயினும் சேவை நின்றுவிடுகிறது. வல்லுநர் இதனைச் ‘சேவை மறுப்பு’ என்பர்.

இதன் வேரை அறிய, இரு கணினிகள் உரையாடத் தொடங்கும் முறையை அறிதல் வேண்டும். வின்ரன் சேர்ஃப், றொபேட் கான் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட கருத்திலிருந்து வளர்ந்தது ரி.சி.பி. என்னும் தொடர்பு நெறி. 1981ஆம் ஆண்டு செப்டெம்பரில் அது நியமமாக வரையப்பட்டது. அந்நெறிப்படி, அழைக்கும் கணினி முதலில் ஒரு வேண்டுகோளை விடுக்கும். அழைக்கப்பட்டது இசைவு தெரிவிக்கும். முன்னையது அதனை உறுதிசெய்யும். இம்மூன்றும் முடிந்த பின்னரே உரையாடல் தொடங்கும்.

சத்திரத்துக் கணக்கப்பிள்ளை ஒருவர், வருவதாகக் கடிதம் எழுதியவரின் பெயரை ஏட்டிற் பதிந்து, பதிலும் எழுதிவிட்டுக் காத்திருப்பதை இதற்கு ஒப்பிடலாம். கணினியின் பணிசெயல் முறைமையும் அவ்வாறே முற்றுப்பெறாத அழைப்புக்களை ஓர் ஏட்டிற் குறித்துவைத்தது. அந்த ஏடோ மிகச் சிறியது. அக்கால முறைமைகள் சிலவற்றில் அதற்குப் பத்து வரிகள்கூட இருக்கவில்லை. பேர்க்கிளிப் பல்கலைக்கழகத்தின் வழிவந்த முறைமைகளில், ஒவ்வொரு வரியும் 75 விநாடி வரை காத்துக் கிடந்தது. பொய்யான முகவரியோடு வேண்டுகோள் வந்தால், உறுதிமொழி என்றுமே வாராது. இத்தகைய பொய்க்கடிதங்கள் சிலவற்றை இடையறாது அனுப்புபவன், தொலைபேசிக் கம்பியின் சிறிய வேகத்தைக் கொண்டே பெரிய கணினியின் வாயிலை அடைத்துவிட முடிந்தது. முகவரி பொய்யாகையால் அவனைத் தேடிக் காண்பதும் அரிதாயிற்று.

இக்குறை 1996ஆம் ஆண்டில் திடீரெனத் தோன்றியதன்று. வில்லியம் செஸ்விக், ஸ்டீவன் பெலோவின் என்னும் ஆய்வாளர் இருவர் 1994ஆம் ஆண்டிலேயே இதனைக் கண்டனர். இணையப் பாதுகாப்புப் பற்றித் தாம் எழுதிய நூலில் இதுகுறித்து ஒரு பந்தியைச் சேர்த்து, பின்னர் நீக்கிவிட்டனர். அப்பொழுது இதற்கு மாற்று எதுவும் இருக்கவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் எவரும் மாற்றுக் காணவில்லை. 1996ஆம் ஆண்டிலே ‘பிராக்’ என்னும் ஏடு தாக்கும் முறையைச் செயல்நிரலோடு வெளியிட்டது. பானிக்ஸின் துன்பம் அதனை அடுத்தே வந்தது.

ஆனால், குறை வெளிப்பட்ட அதே மாதத்தில் மாற்றும் பிறந்தமை கருதத்தக்கது. பிற்ஸ்பேர்க் நகரிலிருந்த ‘சேர்ட்’ நிலையம் செப்டெம்பர் 19ஆம் திகதி எச்சரிக்கை விடுத்தது. அம்மாதமே டானியல் பேர்ன்ஸ்டைன் என்னும் கணித அறிஞர் ஒரு வழியை எடுத்துரைத்தார். கணக்கப்பிள்ளை ஏட்டில் எதனையும் பதியவேண்டாம். தாம் மட்டுமே அறிந்த இரகசியத்தாற் கணித்த ஓர் எண்ணைப் பதிற் கடிதத்திலே பொறித்தனுப்பட்டும். அவ்வெண்ணோடு மறுமொழி தருபவருக்கே இடம் உண்டு என்பது அதன் சாரம். ‘சின் குக்கி’ எனப் பெயர்பெற்ற இம்முறை பின்னர் லினக்ஸ் முதலிய முறைமைகளில் இடம்பெற்றது. பொய் முகவரி தாங்கிய பொதிகளைப் புறப்படும் இடத்திலேயே தடுக்குமாறு 1998ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியான ஆவணமொன்று வலைப்பின்னல் நடத்துவோருக்கு அறிவுறுத்தியது.

நெறியை வகுத்தவர்கள் ஆராய்ச்சிக் கூடங்களின் சிறிய உலகத்தை நோக்கி அதனை வகுத்தனர். அங்கே முகவரியைப் பொய்யாக எழுதுவார் உளர் என ஐயுறவேண்டிய தேவை பெரிதாக இருக்கவில்லை. அவ்வுலகம் பொதுமக்களின் சந்தையாக விரிந்தபோது அந்த நம்பிக்கையே குறையாயிற்று. அக்குறையை அறிந்தோர் காத்த மௌனம் இரண்டாண்டு அமைதியைத் தந்தது. ஆனால் மாற்றினைத் தரவில்லை. பலரும் அறிந்த பின்னர், பலரும் கூடிச் சிந்தித்தபொழுதே வாயில் திறந்தது.