கம்பெனி வீடும் சொந்தக் கோழியும்

கோலார் தங்கவயலின் வரலாறு பெரும்பாலும் பொன்னின் வரலாறாகவே எழுதப்படுகிறது. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கப்பணியைத் தொடங்கியதும், 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்ததும், சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியதும் பலர் அறிந்த செய்திகள். அச்சுரங்கங்களில் உழைத்த தமிழர் தம் வாசலில் வளர்த்த கோழிக்கு அவ்வரலாற்றில் இடமில்லை. நாம் அதனைப் பற்றியே சிறிது பேச விரும்புகிறோம்.

வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற உழைப்பாளருக்குத் தொடக்கத்தில் கிடைத்தவை மூங்கில் தட்டிக் குடிசைகளே. வரிசை வரிசையாக நின்ற அவை ‘லைன்’ எனப்பட்டன. வீடு கம்பெனியுடையது. பேத்தமங்கலத்து ஏரியிலிருந்து வந்த குடிநீரும், மருத்துவமனையும் கம்பெனியின் ஏற்பாடே. வேலை உள்ளவரை வீடு. வேலை போனால் வீடும் போகும். இந்நிலையில் குடியிருப்போர் தமதென்று சொல்லிக்கொள்ளக் கூடியவை சில பாத்திரங்களும், ஓர் ஆடும், நாலைந்து கோழிகளுமே.

பசுவுக்குத் தொழுவமும் தீவனமும் வேண்டும். ஆட்டுக்கு மேய்ச்சல் நிலம் வேண்டும். சயனைடு கலந்த கழிமண் மேடுகளிலோ புல் முளைப்பது அரிது. கோழிக்கு இவையொன்றும் வேண்டா. அரிசி கழுவும்போது சிந்தியதும், குப்பையில் கிளறியதும் போதும். இரவில் ஒரு பஞ்சாரம் போதும். அடைக்கு வைத்த 21ஆம் நாள் குஞ்சு பொரிக்கும். மாரியம்மன் திருவிழாவுக்கும், விருந்தினர் வருகைக்கும், கூலி தீர்ந்த மாதக் கடைசிக்கும் அதுவே கைகொடுக்கும். பெட்டைக்கோழியை அயலாரிடம் வாரத்துக்கு விட்டுக் குஞ்சுகளில் பாதியைப் பெறுவது நம் சிற்றூர்களின் பழைய வழக்கம். ஆண்களின் கூலி சுரங்கத்திலிருந்து வந்தது. கோழி விற்ற காசோ பெரும்பாலும் பெண்களின் முடிச்சில் இருந்தது.

ஒட்டி நிற்கும் வீடுகளில் இதனால் பூசல் எழாமலிராது. அடுத்த வீட்டு நெல்லைக் கோழி கொத்தும். இரவுப்பணி முடித்து உறங்குவோரைச் சேவல் எழுப்பும். வாடகைக்குக் குடியிருப்போன் பிராணி வளர்க்கலாமா என்னும் கேள்வி எந்த நாட்டிலும் எழுவதே. கம்பெனியாரின் தாய்நாடாகிய இங்கிலாந்தில் 1950ஆம் ஆண்டுச் சட்டமொன்று இதற்கு விடை கூறிற்று. குத்தகைப் பத்திரம் தடுத்தாலும், குடியிருப்போர் வாணிகத்துக்காக அன்றிக் கோழியும் முயலும் வளர்க்கலாம். பிறர்க்குத் தொல்லையோ சுகாதாரக் கேடோ கூடாது. இவ்வுரிமை பெட்டைக்கு உண்டு, சேவலுக்கு இல்லை! அச்சட்டம் தங்கவயலுக்கு வரவில்லை. ஆங்கே அண்டை வீட்டாரின் பொறுமையே சட்டமாயிருந்தது.

1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 2001 பிப்ரவரி 28இல் அதுவும் மூடப்பட்டது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடு யாருக்குரியது என்னும் கேள்வி அப்போது வாசலில் வந்து நின்றது. பஞ்சாரத்திலிருந்த கோழியைப் பற்றி மட்டும் அக்கேள்வி எழவில்லை.

வெளி மாநிலங்களில் வாடகை வீட்டில் வாழும் நம்மவர், வீட்டுக்காரரின் நிபந்தனைகளைப் படிக்கும்போது அந்த லைன் வீட்டுப் பெண்களை ஒருகணம் நினைத்துக்கொள்வது தகும்.