ஷெல்லின் பேரேடும் கெர்னலின் பேரேடும்

கடலூர் முதுநகர்த் துறையில் பெரிய கப்பல்கள் கரையை அணைய மாட்டாமல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, படகுகளே சரக்கை ஏற்றி இறக்கி வந்தன என்பது இவ்வூரார் நன்கறிந்த சங்கதி. ஒரு வர்த்தகரின் குமாஸ்தாவுக்குத் தம் முதலாளி அனுப்பிய படகுகள் மட்டுமே கணக்கு. துறைமுக அதிகாரிக்கோ நீரில் மிதப்பன யாவும் கணக்கு. யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில், கட்டளை தட்டித் தொடங்கிய வேலைகள் இப்போது என்ன நிலையில் உள்ளன என்று பார்க்கும் முறையின் சரித்திரத்தை ஆராயுமிடத்து, அங்கும் இவ்வாறே, கட்டளைகளை வாங்கும் ஷெல்லுக்கு ஒன்றும், இயந்திரம் முழுவதையும் ஆளும் உட்கருவாகிய கெர்னலுக்கு ஒன்றுமாக இரண்டு பேரேடுகள் உண்டென்பதும், அவை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கைகளால் எழுதப்பட்டன என்பதும் புலனாகும்.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் பிடிபி-7 என்னும் சிறு இயந்திரத்தில் யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கிய ஆரம்ப தசையில், பிராசஸ் என வழங்கும் இயங்கு நிரல்கள் இரண்டே இருந்தன. முனையம் இரண்டு, ஆகையால் ஆளுக்கொன்று. இரண்டையும் எண்ணிப் பார்க்கத் தனிக் கட்டளை வேண்டுமோ? பின்னர், ஒரு பிராசஸ் தன்னையே பிரதியெடுத்துப் பிள்ளையொன்றை ஈனும் ‘ஃபோர்க்’ என்னும் வசதி சேர்க்கப்பட்டது. அதற்கு வேண்டியிருந்தவை அசெம்ப்ளி மொழியில் 27 வரிகளே என ரிச்சி பிற்காலத்தில் எழுதினார். அந்த 27 வரிகளுக்குப் பிறகே, கண்ணுக்குத் தெரியாமல் பின்னணியில் ஓடும் வேலைகளும், அவற்றை எண்ணிப் பார்க்கும் அவசியமும் பிறந்தன. 1973இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் ‘பிஎஸ்’ என்னும் கட்டளை இடம்பெற்றது. ஆதிகாலத்து பிஎஸ் கெர்னலை வினவவில்லை. அதன் நினைவகத்துள் நேரே புகுந்து அட்டவணையைத் துழாவிற்று. வீட்டுக்காரரைக் கேளாமல் அலமாரியைத் திறப்பது போன்ற இக்காரியத்துக்கு விசேஷ அதிகாரம் வேண்டியிருந்ததோடு, கெர்னலின் அட்டவணை அமைப்பு மாறினால் பிஎஸ்ஸையும் மாற்றி அமைக்கவேண்டிய தொல்லையும் இருந்தது.

ஷெல்லின் பேரேடு வேறு வழியில் வந்தது. 1970களின் இறுதியில், ஆஸ்திரியாவிலுள்ள ஒரு சர்வதேச ஆய்வு ஸ்தாபனத்தில் பணியாற்றிய ஜிம் கல்ப் என்பார் வகுத்த முறை, பில் ஜாயின் சி-ஷெல்லோடு இணைந்து, 1980இல் பெர்க்லி பல்கலைக்கழகத்து யூனிக்ஸின் நான்காம் வெளியீட்டில் பரவிற்று. ஓடும் வேலையைக் கன்ட்ரோல்-இசட் தட்டி நிறுத்துவதும், ‘ஜாப்ஸ்’ என்று கேட்டு அதன் நிலையறிவதும், ‘எஃப்ஜி’ என்று சொல்லி முன்னால் அழைப்பதும் அதனால் சாத்தியமாயின. ஆனால் இந்த ஷெல்லின் கணக்கு அடுத்த ஜன்னலில் உள்ள ஷெல்லுக்குத் தெரியாது. இந்த பேதத்தை அறியாமலே ஆரம்ப நிலை மாணவர்கள் பெரிதும் மயங்குகின்றனர் என்பது எம் அபிப்பிராயம்.

கெர்னலின் கணக்கைக் கண்ணியமாகக் கேட்கும் மார்க்கம் 1984இல் டாம் கில்லியன் எழுதிய கட்டுரையால் அறியப்பட்டது. ஒவ்வொரு பிராசஸையும் ‘ப்ராக்’ என்னும் அடைவில் ஒரு கோப்பாகவே காட்டலாம் என்பது அவர் யோசனை. லினக்ஸ் இதனை ஏற்று மேலும் விரித்து, பிராசஸ் ஒவ்வொன்றுக்கும் அதன் எண்ணையே பெயராகக் கொண்ட ஓர் அடைவை ஒதுக்கி, தொடங்கிய கட்டளை, தாயின் எண், தற்போதைய நிலை முதலியவற்றைச் சாதாரண எழுத்தாகவே வாசிக்கத் தந்தது. இன்றைய லினக்ஸில் பிஎஸ் செய்வது அவ்வாசிப்பே. பெர்க்லி வழக்கப்படி ‘ஆக்ஸ்’ என்பதா, ஏடி அண்ட் டி வழக்கப்படி ‘-இஎஃப்’ என்பதா என்ற பழைய சம்பிரதாயச் சண்டை மட்டும் தீர்ந்தபாடில்லை. இரண்டையும் ஏற்றுக்கொண்டு பிஎஸ் சமாளித்து வருகிறது.

இக்கருவிகள் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் கைக்கு எட்டியதற்கு ஒரு காரணம், 2011 முதல் அரசு வழங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் ஸ்தாபனத்தார் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றமை. சிதம்பரத்து மாணவர் ஒருவர் அதன் முனையத்தில் ‘ஸ்லீப் 300 &’ என்று தட்டி, முந்நூறு வினாடி சும்மா காத்திருக்கும் வேலையொன்றைப் பின்னணியில் தொடங்கி, வேறொரு ஜன்னலில் ஜாப்ஸ் கேட்டால் விடை வெறுமையாய் இருக்கும்; அங்கேயே ‘பிஎஸ் -இஎஃப்’ கேட்டால் அந்த ஸ்லீப் தன் தாயின் எண்ணோடு காட்சி தரும். அவர் முதல் ஷெல்லை விட்டு ‘எக்ஸிட்’ தட்டி வெளியேறிய பின்னும், குறித்த நேரம் முடியவில்லையெனில் ஸ்லீப் அங்கேதான் இருக்கும். தாயின் எண் மட்டும் மாறியிருக்கும். அநாதையான அதனைக் கெர்னல், முதலாம் எண் பிராசஸிடமோ, அதற்கென நியமித்த வேறொன்றிடமோ ஒப்படைத்திருக்கும்.