தீட்டும் கழிவு ஒயிலும்

எங்க கீழ்பென்னாத்தூர் பக்கம் கரண்டு மோட்டார் பரவலாக வருவதற்கு முன்னால் பெரிய கிணறுகளில் டீசல் இஞ்சின் ஓடும். மல்லாட்டைக்குத் தண்ணி பாய்ச்சுற நாளில் கிணத்து மேல மயில் கழுத்து நிறத்தில் ஒரு படலம் மிதக்கும். கோடையில் தூர் எடுக்க இறங்குவது நம்ம ஜனங்கதான். சேறு, எண்ணெய், செத்த பாம்பு எல்லாத்தையும் கூடையில் ஏத்திவிட்டு மேலே வந்த ஆளு, அந்தக் கிணத்தில் தன் கையால் சேந்திக் குடிக்கக் கூடாது. யாராவது ஊத்தணும், இவன் கை ஏந்தணும். டீசல் விழுந்தால் தீட்டில்லை, நாம் தொட்டால் தீட்டு.

1927 மார்ச் 20இல் மகாத் சவுதார் குளத்தில் அம்பேத்கரும் தோழர்களும் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். பிறகு சாதி இந்துக்கள் அந்தக் குளத்தைச் ‘சுத்தம்’ செய்தார்கள். எதைக் கொண்டு? 108 குடங்களில் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து ஊற்றி! குளத்தில் சாணியைக் கரைத்து ஊற்றுவதற்குப் பெயர் சுத்தம். இந்தப் புத்தியை வைத்துக்கொண்டு நிஜமான மாசு வந்தால் ஒரு சமூகம் என்ன செய்யும்? அதைப் பார்க்கத்தான் கடல் தாண்டி யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. கீழே முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, அதில் பொந்தும் வெடிப்பும். மழைத்தண்ணி அதுவழியாக இறங்கி, கடலின் உப்புத் தண்ணிக்கு மேலே ஒரு வில்லை மாதிரி மிதக்கிறது. குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு இறைக்க எல்லாம் அதுதான். ஆகவே கிணறு எவன் கையில் இருந்ததோ ஊரும் அவன் கையில் இருந்தது. பஞ்சமர் என்று தள்ளி வைக்கப்பட்டவர்கள் வெள்ளாளர் கிணற்றடியில் குடத்தோடு காத்து நிற்பார்கள். ஊற்ற மனசு வந்தால் தண்ணீர், இல்லாவிட்டால் இல்லை. தஞ்சாவூரில் 1986இல் கண்மூடிய கே. டானியல் தம் நாவல் ஒன்றுக்குத் ‘தண்ணீர்’ என்றே பெயர் வைத்தார். வேறென்ன வைப்பார்?

1966 அக்டோபர் 21. தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் அதே சுன்னாகத்திலிருந்துதான் யாழ்ப்பாணம் முற்றவெளிக்குப் புறப்பட்டது. பொலிஸ் அடித்தது. அடியை வாங்கிக்கொண்டே போனார்கள். தேநீர்க்கடை, கோயில் எனத் தொடர்ந்து நடந்த போராட்டங்களுக்கு அந்த நாள்தான் வாசல்.

நாற்பது சொச்சம் வருஷம் கழித்து அந்தச் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் வாடை அடித்தது. அங்கே ஏற்கெனவே பழைய மின்நிலையம் ஒன்று இருந்தது. அதையொட்டி நொதேர்ண் பவர் என்ற தனியார் கம்பெனியின் அனல் மின்நிலையம் எண்ணெயை எரித்து ஓடிக்கொண்டிருந்தது. வாளியைத் தூக்கினால் தண்ணீர் மேல் படலம். யாழ்ப்பாணத்துக்காரர்கள் ஆயிலை ஒயில் என்பார்கள். ‘கழிவு ஒயில்’ என்ற சொல் வீட்டுக்கு வீடு புழங்கியது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 150 கிணறுகளைச் சோதித்ததில் 109இல் எண்ணெயும் கிரீசும் அளவுக்கு மேல். 2015 தொடக்கத்தில் மின்நிலையம் நிறுத்தப்பட்டது. பவுசர் வண்டியில் தண்ணீர் வந்தது. ‘எங்களுக்கு முந்தி இருந்த மின்நிலையத்தின் கழிவு’ என்று கம்பெனி பழியைத் தள்ளியது.

கிணற்றை ஒருதரம் இறைத்துவிட்டால் தீராதா என்று கேட்பவர்கள் உண்டு. தீராது. எண்ணெய் தண்ணீரை விட லேசு, அதனால் மேலே மிதக்கும். ஆனால் அதில் ஒரு பங்கு கரையும், இன்னொரு பங்கு மண்ணிலும் பாறை வெடிப்பிலும் ஒட்டிக்கொள்ளும். இறைத்த கிணற்றில் மறுபடி ஊறும் தண்ணீர் அதையும் சேர்த்துக்கொண்டு வரும். ஊறிப்போன மண்ணைத் தோண்டி அகற்றணும், படலத்தை வழித்தெடுக்கணும், தண்ணீரை மேலே இறைத்துச் சுத்திகரிக்கணும், எண்ணெய் தின்னும் நுண்ணுயிர்களுக்குக் காற்று கொடுக்கணும். சுற்றிலும் கண்காணிப்புக் கிணறு வெட்டி, எண்ணெய் எந்தத் திசையில் நகருது என்று வருஷக்கணக்கில் அளந்துகொண்டே இருக்கணும். மணலில் அது மெதுவாக நகரும். சுண்ணாம்புப் பாறையில் பொந்து கிடைத்தால் ஓடும், எந்த வீட்டில் போய் எழும்பும் என்று வெறுங்கண்ணால் சொல்ல முடியாது. 108 குடத்தில் முடிகிற காரியமில்லை இது.

சூழல் செயல்பாட்டாளர் ரவீந்திர காரியவசம் 2015இல் உச்ச நீதிமன்றம் போனார். 2019 ஏப்ரல் 4இல் நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன எழுதிய தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே விலை கொடுக்கணும். கம்பெனி 2 கோடி ரூபாய் தரணும். கிணறு ஒன்றுக்கு 40,000 ரூபாய்க்கு மேற்படாமல், 500 கிணறுகளுக்கு மேற்படாமல். தனியார் கம்பெனியைக் கூண்டில் நிறுத்திய நல்ல தீர்ப்பு, அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. எண்ணியது கிணற்றை. குடித்த வாயை அல்ல. 40,000 ரூபாய் கிணற்றின் சொந்தக்காரருக்கு. பக்கத்து வளவில் வாங்கிக் குடித்தவருக்கு, பொதுக் கிணற்றில் சேந்தியவருக்கு, தலைமுறையாகக் கிணறு வெட்ட நிலமே இல்லாதவருக்கு அந்தக் கணக்கில் வரி கிடையாது. கிணறு யாருக்கு இருந்தது, யாருக்கு இல்லாமல் ஆக்கப்பட்டது என்பது சாதியின் வரலாறு. எண்ணெய் அந்த வரலாற்றின் மேல்தான் வந்து மிதந்தது. இன்னொன்று: அந்தக் கிணறுகளுக்குள் இறங்கி எண்ணெய்ச் சேற்றை அள்ளிய கைகள் எந்தத் தெருவிலிருந்து வந்தன?

1966இல் நடந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சுன்னாகத்தைச் சுற்றி இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கிணறுகளில் எத்தனை அந்த 500இல் சேர்ந்தது என்று தெருவாரியாக எழுதி அனுப்பட்டும். அப்படியே அச்சில் போடுவோம்.