எல்லையில் நிற்கும் ஊர்: சங்கரன்கோவிலின் ஏற்றமும் இறக்கமும்

ஒரு பெயர் நாவில் பழகிவிட்டால் அதன் பொருள் மறைந்துபோகிறது. சங்கரன்கோவில் என்பது ஒரு கோயிலின் பெயர். ஆங்கிலேயர் கால வருவாய்ப் பதிவுகளில் இவ்வூரும் வட்டமும் 'சங்கரநயினார்கோயில்' என்றே குறிக்கப்பட்டன. நயினார் என்பது தலைவனைக் குறிக்கும் பழஞ்சொல். காலப்போக்கில் அச்சொல் உதிர்ந்து இன்றைய வடிவம் நிலைத்தது. கோயிலைச் சுற்றி ஊர் வளர்ந்ததால், கோயிலின் பெயரே ஊருக்கும் ஆயிற்று.

இவ்வூரின் வரலாற்றைப் படிக்கும்போது எனக்கு ஒரு வினா எழுவதுண்டு. கோவில்பட்டி, சிவகாசி, இராஜபாளையம் ஆகிய மூன்றும் இதன் அண்டை ஊர்கள். மழையை நம்பிய வேளாண்மையும் பருத்தியும் அவற்றுக்கும் இதற்கும் பொது. ஒரு நூற்றாண்டுக்குள் அவை தொழில் நகரங்களாக உயர்ந்தன. சங்கரன்கோவில் ஏன் அப்படி உயரவில்லை? இன்னொரு புறம், தாமிரபரணி முகத்துவாரத்துக் கொற்கையையும் காயலையும்போல இது ஏன் மங்கியும் போகவில்லை? கடல் பின்வாங்கியதும் துறைமுகங்கள் கதையாகிவிட்டன. கடலோ பேராறோ இல்லாத இந்த ஊர் இன்றும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட மக்களோடு நிற்கிறது.

முதலில் நில அமைப்பைப் பார்க்கலாம். மேற்கே, மலையடிவாரத்தில், குளத்துப் பாசனமும் செம்மண்ணும். கிழக்கே வானம் பார்த்த கரிசல். இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் ஊர் அமைந்திருக்கிறது. திருநெல்வேலி, இராஜபாளையம், கழுகுமலை, புளியங்குடி ஆகிய நான்கு திசைகளின் சாலைகளும் இங்கே கூடுகின்றன. நெல்லும் பருத்தியும் கைமாறுவதற்கு ஏற்ற இடம். கோயிலை எழுப்பியவன் உக்கிரபாண்டியன் என்கிறது தலபுராணம். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்னும் நாக அரசர் இருவர் வாதிட, கோமதியம்மன் தவமிருந்து இருவரையும் ஓருருவில் காட்டச்செய்தாள் என்பது ஆடித்தபசின் கதை. கரிசல் காட்டுக்காரரும் மலையடிவாரத்து மக்களும் ஆண்டுக்கு ஒருமுறை கூடும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான கதை வேறு கிடைத்திராது.

பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தப் பகுதி பாளையங்களின் நிலம். நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய கோட்டைகளைப் பூலித்தேவரிடமிருந்து யூசுப்கான் கைப்பற்றியது 1761-இல். அதன் பின் பூலித்தேவர் என்ன ஆனார் என்பதற்கு மக்கள் சொல்லும் விடை சங்கரன்கோவிலில் இருக்கிறது. சிறைப்பட்டுச் செல்லும் வழியில் இறைவனை வணங்க அனுமதி கேட்டுக் கோயிலுக்குள் நுழைந்தவர் அப்படியே மறைந்துவிட்டார் என்பார்கள். அவர் பெயரால் ஓர் அறையும் கோயிலில் காட்டப்படுகிறது. கணக்குப் புத்தகங்கள் தோல்வியை எழுதின. மக்கள் நினைவோ அவரைக் கோயிலுக்குள் வைத்துக் காப்பாற்றிக்கொண்டது.

1801-இல் கருநாடக நவாபின் ஆட்சி உரிமை கும்பினியாரிடம் போயிற்று. கோட்டைகள் இடிந்தபின் செல்வத்தின் வழி பருத்தியாயிற்று. அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரினால் இலங்காசயர் ஆலைகளுக்கு அந்நாட்டுப் பஞ்சு தடைப்பட்டது. இந்தியப் பருத்தியின் விலை ஏறியது. 'டின்னவெல்லி' என்று வணிகப் பெயர் பெற்ற நம் கரிசல் பஞ்சு தூத்துக்குடியிலிருந்து கப்பலேறியது. போர் முடிந்ததும் விலை சரிந்தது. எங்கோ நடந்த போர் இங்கே விதைப்பவனின் கணக்கை ஏற்றி இறக்கியது.

அடுத்து வந்தது இரயில். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876-இல் பாதை திறக்கப்பட்டபோது அது கோவில்பட்டி வழியாகச் சென்றது. சங்கரன்கோவில் வழியாகச் செல்லவில்லை. பஞ்சு எங்கே வண்டியேறுகிறதோ அங்கேதான் பேட்டையும் ஆலையும் தோன்றும். விருதுநகர்–தென்காசிப் பாதை 1927-இல் திறக்கப்பட்டபின்தான் இவ்வூருக்கு இரயில் வந்தது. அரை நூற்றாண்டுக் காலத்தாமதம் அது. அந்தப் பாதையிலேயே சிவகாசியும் இராஜபாளையமும் இருந்தன என்பதையும் மறக்கக்கூடாது. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். இராஜபாளையத்தில் 1936-இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா நூற்பாலையைத் தொடங்கினார். ஆகவே எல்லாவற்றுக்கும் இரயிலைக் குறைசொல்ல முடியாது. அந்த ஊர்களில் வணிக மூலதனம் ஆலையாக உருமாறியது. சங்கரன்கோவிலிலோ தொழில் வீட்டுத் தறிகளிலேயே தங்கியது.

இதோடு எல்லைகளின் கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது சாத்தூர், திருவில்லிபுத்தூர் வட்டங்கள் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தன. அவற்றோடு சிவகாசியும் இராஜபாளையமும் போயின. சங்கரன்கோவில் மாவட்டத்தின் வடக்கு எல்லையாயிற்று. 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமானபோது கோவில்பட்டியும் போயிற்று. கிழக்கிலும் எல்லை வந்தது. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி மாவட்டம் தொடங்கப்பட்டபோது சங்கரன்கோவிலே இடம் மாறியது. இப்போது அது வருவாய்க் கோட்டத் தலைமையிடம். ஆனால் புதிய மாவட்டத்திலும் அது வடக்கு ஓரம்தான். ஒரு நூற்றாண்டில் மூன்று முறை கோடு நகர்ந்தது. மூன்று முறையும் ஊர் தன் இடத்திலேயே இருந்தபடி விளிம்பில் நின்றது. விளிம்பில் இருக்கும் ஊருக்கு அலுவலகங்கள் கடைசியில் வரும். கல்லூரியும் மருத்துவமனையும் அப்படியே.

ஒரே ஒருமுறை எல்லார் பார்வையும் இங்கே திரும்பியது: 2012 மார்ச் 18 அன்று நடந்த சட்டமன்ற இடைத்தேர்தலின்போது. தமிழகம் முழுவதும் மின்வெட்டில் தவித்த காலம் அது. அமைச்சர்கள் பலர் இங்கே முகாமிட்டிருந்தார்கள். வாக்குப்பதிவுக்கு மறுநாள் கூடங்குளம் அணுமின் நிலையப் பணிகளைத் தொடர மாநில அமைச்சரவை இசைவளித்தது. மின்சாரம் இல்லாவிட்டால் தறி ஓடாத ஊருக்கு அந்த ஆண்டு நாளேட்டுச் செய்தியாக மட்டும் கடந்துபோன ஆண்டு அன்று.

தறிதான் இவ்வூரை மங்கவிடாமல் காத்தது என்பது என் கருத்து. பெரும் ஆலை ஒன்றை நம்பிய ஊர் அந்த ஆலை மூடப்பட்டால் விழுந்துவிடும். இங்கே கைத்தறியாக இருந்தது விசைத்தறியாக மாறியது; பருத்திச் சேலைகள் தொடர்ந்து நெய்யப்பட்டன. பாவு ஓட்டுபவர், தார் சுற்றுபவர், சாயம் போடுபவர், நெய்பவர் என ஒரு சேலையில் பல வீடுகளுக்குப் பங்கு உண்டு. இலாபம் சிறியது, ஆனால் பல கைகளில் பரவியது. அதே அமைப்பின் பலவீனமும் கண்கூடு. நூலைக் கொடுத்துத் துணியைப் பெற்றுக்கொள்ளும் உற்பத்தியாளரிடம் கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்துவது இங்கே திரும்பத் திரும்ப நிகழ்கிறது. நூல் விலை ஏறினால் முதலில் குறைவது வேலைநாள். 2016 நவம்பரின் பணமதிப்பிழப்பும், 2017 ஜூலையில் வந்த சரக்கு சேவை வரியும் ரொக்கத்திலும் கடனிலும் ஓடிய இத்தகைய சிறுதொழிலை எப்படி உலுக்கின என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். சங்கரன்கோவிலுக்கு வடக்கே இராஜபாளையம் சாலையில் கரிவலம்வந்தநல்லூர் இருக்கிறது. அதிவீரராம பாண்டியரின் திருக்கருவை அந்தாதிகளுக்கு உரிய தலம் அது. பாண்டிய மன்னர் ஒருவரின் ஏட்டுச்சுவடிகள் அவ்வூர்க் கோயிலில் இருந்தன என்று கேள்விப்பட்டு உ.வே.சாமிநாதையர் தேடிச் சென்றார். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட்டுவிட்டதாக அங்கே அவருக்குச் சொல்லப்பட்டது. அழித்தவர்கள் பகைவர்கள் இல்லை. முறைப்படிச் செய்கிறோம் என்று நம்பியவர்கள்.

இந்தப் பகுதியைப் பற்றி நாம் இன்றும் புரட்டும் நூல்கள் கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாறும், பேட் என்னும் ஆட்சியாளர் 1917-இல் தொகுத்த மாவட்ட விவரச்சுவடியும்தான். பாளையக்காரர்களையும் வரித்தொகையையும் அவற்றில் காணலாம். சிவகாசி, கழுகுமலைக் கலவரங்களைப் பூமணியின் 'அஞ்ஞாடி' நாவலாக நமக்குத் தந்தது. தார் சுற்றிய பெண்ணின் கூலிக் கணக்கையும், தறி வாங்கக் கடன்பட்டவரின் வட்டிச் சீட்டையும், சந்தைப் பேட்டையின் பழைய குறிப்பேடுகளையும் சேர்த்து எழுதியவர் எவர்? தறிகள் பழைய இரும்புக்கு விலைபோகும்போது அந்தக் காகிதங்களும் எடைக்குப் போகின்றன. கரிவலத்தில் நடந்ததற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

ஆகவே இவ்வட்டாரத்து நண்பர்களிடம் என் வேண்டுகோள் எளியது. வீட்டுப் பரணில் கிடக்கும் நெசவுக் கணக்கு நோட்டுகள், கூட்டுறவுச் சங்க ரசீதுகள், ஆடித்தபசு அழைப்பிதழ்கள், பழைய தறிக்கூடப் படங்கள் ஆகியவற்றை எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். படியெடுத்து வையுங்கள். அறுபது வயதைத் தாண்டிய நெசவாளர் ஒருவரிடம் அமர்ந்து, அவர் முதன்முதலில் நெய்த சேலைக்கு என்ன கூலி பெற்றார் என்று கேட்டு எழுதுங்கள். இவ்வூரின் வரலாற்றில் இன்னும் எழுதப்படாத அத்தியாயம் அங்கிருந்து தொடங்கும்.