மினெஸ்ற்றோனேயும் சொந்தக் குசினியும்

மெல்பேர்ண் லைகன் வீதி உணவகங்களில் மினெஸ்ற்றோனே என்னும் மரக்கறி சூப் கோப்பைக் கணக்கில் விற்பனையாகின்றது. அங்குள்ள குசினிகளில் வெங்காயம் அரியும் எங்களுக்கு அது பட்டியலிலுள்ள ஒரு பெயர். உண்மையில் அது இத்தாலிய ஏழைக் குடியானவர்களின் அடுப்பில் பிறந்தது.

1951இல் அவுஸ்திரேலியாவும் இத்தாலியும் குடியேற்ற ஒப்பந்தம் செய்துகொண்டன. (வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கை அப்போது எங்களுக்குக் கதவைச் சாத்தியிருந்தது. பறங்கியர் மட்டும் ஐரோப்பிய வம்சாவளியை நிரூபித்து நுழையலாம்.) வந்த இத்தாலியரில் பலர் முதலில் தங்கியது விக்ரோறியாவின் பொனகில்லா முகாமில். 1947 முதல் 1971 வரை இயங்கிய இம்முகாமினூடாக 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடந்து சென்றனர். பழைய இராணுவக் கொட்டில்கள். பொதுச் சாப்பாட்டு மண்டபம். ஆட்டிறைச்சி, மீண்டும் ஆட்டிறைச்சி. 1952 யூலையில் இத்தாலியர் வேலை கேட்டுக் கிளர்ந்தெழுந்தபோது இராணுவம் தயார்நிலையில் வைக்கப்பட்டது.

முகாமை விட்டவர்கள் கார்ல்ரன், பிரன்ஸ்விக் பகுதிகளின் மலிவான வீடுகளில் குடியேறி, பின்வளவில் தக்காளியும் அவரையும் நட்டார்கள். ஒலிவ் எண்ணெயை அந்நாட்களில் மருந்துக்கடையில் சிறு போத்தலாக வாங்கவேண்டியிருந்தது!

சூப்புக்கு அவரை விதையை முதல்நாள் இரவே ஊறவைப்பார்கள். வெங்காயம், கரட், செலரியைப் பொடியாக அரிந்து ஒலிவ் எண்ணெயில் மெல்லிய நெருப்பில் வதக்கவேண்டும். இதில் அவசரப்பட்டால் சூப் வெறும் தண்ணீர்தான். பிறகு உருளைக்கிழங்கு, கோவா, தக்காளி, ஊறிய விதை. பார்மிசான் சீஸின் காய்ந்த தோலையும் வீசாமல் உள்ளே போட்டு அவிப்பார்கள். கடைசியில் கொஞ்சம் பாஸ்தா. மிலானோக்காரர் என்றால் அரிசி. மறுநாள் தடித்துப்போன சூப்புக்குத்தான் ருசி அதிகம்.

எங்கள் ஒடியற்கூழும் இப்படித்தான். பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி என்று வீட்டுக்கு வீடு மாறும். இரண்டையும் பாரம்பரியம் என்கிறோம். ஆனால் சூப்பின் தக்காளியும் கூழின் மிளகாயும் கொலம்பசுக்குப் பிறகே அமெரிக்காவிலிருந்து வந்தவை. குசினி என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது.

இரவில் ஊறவைக்க ஒரு சட்டி, நெடுநேரம் எரிய ஒரு அடுப்பு. தட்டேந்தி வரிசையில் நிற்பவனுக்கு இவை கிடையா. சிட்னியின் விலவூட்டும் 1949இல் குடியேறிகளின் விடுதியாகத்தான் தொடங்கியது. 1976இல் அங்கே தடுப்பு நிலையம் வந்தது. 2009இன் பின் எங்களவர் சிலர் அதற்குள் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்தனர். ஒப்பந்தத்தில் வந்த இத்தாலியனுக்கு 2 ஆண்டு வேலைக் கடப்பாடு இருந்தது. அது முடிந்தால் தன் குசினிக்குப் போகலாம் என்று நாளை எண்ணினான். விலவூட்டில் கிடந்த எங்களவருக்கு எண்ணுவதற்கு நாள் ஒன்றும் சொல்லப்படவில்லை.